எச்சரிக்கையைக் கண்ட இடத்திலேயே அச்சிடலாமா? டீபக்கரின் சிம்பல் படிக்கும் பகுதியை மறுசீரமைப்பது பற்றி

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோழிங்கநல்லூரில் ஒரு நிறுவனத்தின் டூல்செயின் (கம்பைலர், டீபக்கர் போன்ற நிரலாக்கக் கருவிகள்) குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பொறியாளர் ஒருவர் கேட்டிருக்கிறார். நிரல்களில் பிழை தேட உதவும் ஜிடிபி என்ற டீபக்கரின் பழைய பதிப்பு ஒன்றிலிருந்து கிளை பிரித்து, தங்கள் சிப்புக்கு ஏற்றபடி மாற்றி வைத்திருக்கும் டீபக்கரில், சிம்பல்களை (நிரலில் உள்ள மாறிகள், செயற்கூறுகளின் பெயர்களையும் இடங்களையும்) படிக்கும் பகுதி முழுவதும் எச்சரிக்கைகள் கண்ட இடத்திலேயே அச்சாகின்றன. ஒரே வரி திரையில் மீண்டும் மீண்டும் ஓடுகிறது. பயனர்கள் அலுத்துக்கொள்வதால் மேலாளர் எல்லாவற்றையும் அடக்கிவிடச் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா, அல்லது ஒழுங்கான வேறு வழி உண்டா என்பதே அவர் கேட்பது.

தயவுசெய்து மொத்தமாக அடக்கிவிடாதீர்கள். எச்சரிக்கைகள் அதிகமாக இருப்பது இங்கே நோயல்ல, நோயின் அறிகுறி. பிழையைக் காண்கிற நிரலே அதைப் பயனரிடம் சொல்வதா வேண்டாமா என்பதையும் தீர்மானிக்கிறது. ஆனால் அதைத் தீர்மானிக்கத் தேவையான தகவல் அந்த இடத்தில் அதனிடம் இல்லை. உங்கள் மறுசீரமைப்பு தொட வேண்டியது இதைத்தான்.

இது எனக்கு ஏட்டளவில் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்திருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். தரமணியில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், ஒரு மழைக்கால மாலை, பக்கத்து வரிசையில் இருந்த இளைஞர் ஒருவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டே என் மேசைக்கு வந்தார். டீபக்கரைத் திறந்ததும் முதல் வரியிலேயே, நிரலின் வரி எண்கள், மாறிகள் பற்றிய தகவல் கொண்ட டீபக் கோப்பு அவருடைய நிரலோடு பொருந்தவில்லை, அதன் சரிபார்ப்பு எண்ணான சிஆர்சி மாறுகிறது என்று எச்சரிக்கை. அதை நம்பி இரண்டு நாள்களாக டீபக் பொதிகளை நீக்குவதும் திரும்ப நிறுவுவதுமாக இருந்திருக்கிறார். நான் நிரல் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பிரேக்பாயின்ட் வைத்து ஓடவிட்டுப் பார்த்தபோது வரி எண்கள், உள்ளூர் மாறிகள் எல்லாமே சரியாக வந்தன. கணினியில் பழைய டீபக் கோப்பு ஒன்று கிடந்திருக்கிறது. டீபக்கர் முதலில் அதைப் பார்த்து எச்சரித்துவிட்டு, பிறகு டீபக் கோப்புகளை வலையில் வழங்கும் டீபக்இன்ஃபோடி சர்வரிலிருந்து சரியான கோப்பை எடுத்துக்கொண்டிருக்கிறது. வெற்றி பெற்றதைச் சொல்ல ஒரு வரியும் இல்லை. தோற்ற முயற்சிக்கு மட்டும் ஒரு வரி இருந்தது. அவருடைய இரண்டு நாள்களை விழுங்கியது அந்த ஒரு வரிதான்.

டீபக் கோப்பைத் தேடும் முறையைப் பார்த்தால் இது ஏன் நேர்கிறது என்பது விளங்கும். நிரலில் பில்ட் ஐடி (நிரலைக் கட்டும்போது அதில் பதியும் தனி அடையாளம்) இருந்தால், பொதுவாக 20 பைட்டுகள் கொண்ட அந்த அடையாளத்தை 40 பதினறும எண்களாக எழுதி, முதல் இரண்டைக் கோப்புறையின் பெயராகவும் மீதியைக் கோப்பின் பெயராகவும் கொண்டு ஜிடிபி முதலில் தேடுகிறது. அதில் கிடைக்காவிட்டால், டீபக்லிங்க் என்ற பிரிவில் எழுதப்பட்டிருக்கும் கோப்புப் பெயரை வைத்துத் தேடி, அதனோடு பதிந்துள்ள 4 பைட் சிஆர்சி ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறது. அதுவும் கைகொடுக்காவிட்டால் டீபக்இன்ஃபோடியைக் கேட்கிறது. முதல் படியில் கிடைத்த கோப்பில் டீபக் தகவலே இல்லை என்று ஓர் எச்சரிக்கை எழலாம். இரண்டாம் படியில் சிஆர்சி பொருந்தவில்லை என்று இன்னொன்று எழலாம். ஆனால் மூன்றாம் படி வெற்றி பெற்றுவிட்டால் இந்த இரண்டுமே பயனருக்கு வேண்டாதவை.

மயிலாப்பூர் மாட வீதிக்குக் கொத்தமல்லி வாங்க அனுப்பிய பையன், முதல் கடையில் இல்லாமல் மூன்றாவது கடையில் வாங்கி வந்தால், வீட்டில் யாரும் முதல் கடையின் கதையைக் கேட்பதில்லை. வெறுங்கையோடு வந்தால்தான் எந்தெந்தக் கடைக்குப் போனான், ஒவ்வொன்றிலும் என்ன சொன்னார்கள் என்று வரிசையாகக் கேட்பார்கள். முதல் கடை வாசலில் நின்றுகொண்டே வீட்டுக்குத் தொலைபேசியில் புலம்பும் பையனைப் போல நடந்துகொள்கிறது உங்கள் டீபக்கர்.

ஜிடிபி இதற்குக் கண்ட தீர்வை உங்கள் கிளைக்கும் கொண்டுவரலாம். தேடலைத் தொடங்கும் மேல்நிலைச் செயற்கூறு எச்சரிக்கைகளைச் சேர்க்கும் வெற்றுத் தொகுப்பு ஒன்றை உருவாக்கி, கீழே உள்ள ஒவ்வொரு செயற்கூறுக்கும் அதை அளபுருவாக அனுப்புகிறது. கீழே இருப்பவை எதையும் அச்சிடுவதில்லை. கண்டதைத் தொகுப்பில் எழுதிவைப்பதோடு அவற்றின் கடமை முடிகிறது. எல்லா வழிகளும் தோற்றால் மட்டும் மேல்நிலை அந்தத் தொகுப்பை வரிசை மாறாமல் அச்சிடுகிறது. ஒரு வழி வென்றாலும் பேசாமல் விட்டுவிடுகிறது. தொடக்கத்தில் வெறும் சரங்களின் வெக்டராக இருந்த இந்தத் தொகுப்பு பின்னர் தனி வகுப்பாக மாறியது. நீங்கள் நேராக வகுப்பிலேயே தொடங்குங்கள். அளபுருவின் வகையே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடும் என்பதோடு, பிறகு எதையாவது சேர்க்க வேண்டியிருந்தால் அத்தனை செயற்கூறுகளின் கையொப்பத்தையும் மறுபடி திருத்த வேண்டியிராது.

சொல்வதற்கு எளிது என்றாலும் இதில் கவனமாகக் கால் வைக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. நான் பார்த்த வரையில் பெரும்பாலான பேட்ச்கள் (நிரலில் செய்யும் திருத்தத் தொகுப்புகள்) இடறி விழுவது இவற்றில்தான்.

முதலாவது, நினைவகத்தின் ஆயுள். உடனே அச்சிடும்போது கோப்பின் பெயர், பிரிவின் பெயர் ஆகியவற்றுக்கான சுட்டியை அப்படியே கொடுத்துவிடலாம். அச்சாகி முடியும்வரை அது உயிரோடு இருக்கும். ஒத்திப்போடும்போது நிலைமை வேறு. பொருந்தாத டீபக் கோப்பை நிராகரித்ததும் அந்தக் கோப்பு மூடப்பட்டு, அதற்காக ஒதுக்கிய நினைவகமும் விடுவிக்கப்படுகிறது. தொகுப்பில் நீங்கள் வெறும் சுட்டியைச் சேமித்திருந்தால், கடைசியில் அச்சிடும்போது அது காலியான வீட்டு முகவரியாகத்தான் இருக்கும். கொடுமை என்னவென்றால், சோதனையில் பல நேரம் பழைய எழுத்துகள் அங்கேயே கிடந்து சரியாக அச்சாகிவிடும். வாடிக்கையாளரிடம் போன பிறகுதான் குப்பை வரும். ஆகவே செய்தியைச் சேர்க்கும் கணத்திலேயே முழுச் சரமாக வடிவமைத்து, அந்தச் சரத்தையே சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஆகும் செலவு கோப்பு தேடும் இடத்தில் பொருட்டே அல்ல.

இரண்டாவது, அச்சிடும் பொறுப்பை டிஸ்ட்ரக்டரிடம் விடும் ஆசை. வகுப்பு அழியும்போது தானே அச்சிட்டுவிடும் என்று எழுதினால் அழகாகத்தான் தோன்றும். ஆனால் ஜிடிபியில் அச்சிடுதல் என்பது வெறும் வெளியீடு அல்ல. திரை நிரம்பினால் பக்கம் பக்கமாக நிறுத்தி, தொடரலாமா என்று பயனரைக் கேட்கும். அவர் அங்கே வெளியேறச் சொன்னால் அந்த இடத்திலிருந்து ஓர் எக்ஸெப்ஷன் (ஓட்டத்தை இடையில் முறித்து மேல்நிலைக்குச் செல்லும் அறிவிப்பு) கிளம்பும். சி பிளஸ் பிளஸ்ஸில் டிஸ்ட்ரக்டரிலிருந்து எக்ஸெப்ஷன் வெளியேறினால் நிரலே செத்துவிடும். பயனர் செய்ததெல்லாம் நீளமான செய்தியைப் பாதியில் நிறுத்தியதுதான்; அதற்காக அவருடைய டீபக் அமர்வு முழுவதும் போய்விடக் கூடாது. அச்சிடுவதற்குத் தனிச் செயற்கூறு வைத்து, முடிவு தெரிந்த இடத்தில் அதை வெளிப்படையாக அழையுங்கள்.

மூன்றாவது, இடையில் எழும் பிழை. தேடலின் நடுவே உண்மையான எரர் ஒன்று எழுந்து எக்ஸெப்ஷனாக மேலே போனால், சேர்த்துவைத்த எச்சரிக்கைகள் சத்தமின்றி மறைந்துவிடும்; அந்தப் பிழையின் காரணத்தை விளக்கும் ஒரே தடயம் அவற்றில்தான் இருக்கக்கூடும். எனவே எக்ஸெப்ஷனைப் பிடிக்கும் இடத்தில், பயனரே நிறுத்தச் சொன்னாரா, நிரல் தோற்றதா என்று பிரித்துப் பாருங்கள். முதல் நிலையில் தொகுப்பைக் கைவிடலாம். இரண்டாம் நிலையில் எச்சரிக்கைகளை அச்சிட்ட பிறகே பிழையை மேலே அனுப்ப வேண்டும்.

இதுவரை சொன்னது கோப்பைத் தேடும் பகுதிக்கு. உங்கள் திரையில் மீண்டும் மீண்டும் ஓடும் வரிகள் பெரும்பாலும் அங்கிருந்து வருவன அல்ல. டுவார்ஃப் (கம்பைலர் டீபக் தகவலை எழுதும் வடிவம்) தகவலைப் படிக்கும் பகுதியிலிருந்து வருபவையாகவே இருக்கும். அங்கே வேண்டியது வேறு வகையான பிரிப்பு.

டுவார்ஃப் வடிவத்தின் மூன்றாம் பதிப்பு 2005இலும், நான்காம் பதிப்பு 2010இலும், ஐந்தாம் பதிப்பு 2017இலும் வந்தன. ஒவ்வொரு கம்பைலரும் ஒவ்வொரு பதிப்பைத் தனக்குப் புரிந்த விதத்தில் எழுதித் தள்ளுகிறது. சில விதிகளை மீறுகிறது, சிலவற்றோடு தன் சொந்தச் சரக்கையும் சேர்க்கிறது. இவற்றைச் சகித்துக்கொண்டு படிப்பதுதான் டீபக்கரின் வேலை. ஆகவே படிக்கும்போது காணும் கோளாறுகளை ஜிடிபி மூன்று தரமாகப் பிரிக்கிறது. மேலே படிக்கவே முடியாது என்றால் எரர். பயனர் அறிந்து ஏதாவது செய்ய வேண்டும் என்றால் வார்னிங். படிப்பதற்குத் தடையில்லை, ஆனால் கம்பைலர் எழுதியது முறையல்ல என்றால் கம்ப்ளெய்ன்ட். இந்த மூன்றாவது வகை கம்பைலரைச் சோதிப்பவர்களுக்கானது. அதனால்தான் ஜிடிபியில் அதன் வரம்பு இயல்பாகவே 0. ‘செட் கம்ப்ளெய்ன்ட்ஸ்’ கட்டளையால் ஓர் எண்ணைக் கொடுத்தால், ஒவ்வொரு வகைப் புகாரும் அத்தனை முறை மட்டும் அச்சாகி, பிறகு அமைதியாகிவிடும். புதிய சிம்பல் கோப்பு ஏற்றப்படும்போது எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

உங்கள் மேலாளர் கேட்கும் அமைதி இங்கே தானாகவே கிடைத்துவிடுகிறது, அதுவும் தகவல் எதையும் இழக்காமல். கம்பைலர் குழுவினர் உங்கள் கட்டடத்திலேயே இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் வரம்பை உயர்த்தி வைத்துக்கொண்டு தங்கள் தவறுகளைப் பார்க்கலாம், மற்றவர்கள் திரை சுத்தமாக இருக்கும். ஆனால் அதற்கு முன், அச்சாகும் ஒவ்வோர் இடத்தையும் திறந்துவைத்து, இந்த வரி யாருக்கு, அதைப் படித்தவர் என்ன செய்ய முடியும் என்று கேட்டுப் பார்க்கும் வேலை இருக்கிறது. குறுக்கு வழியில்லாத வேலை இது. ஒரு வாரம் பிடித்தாலும் பிடிக்கட்டும். தேடி மாற்றும் ஒரே கட்டளையால் அனைத்தையும் கம்ப்ளெய்ன்ட் ஆக்கிவிட்டால், மேலாளர் சொன்ன மொத்த அடக்கத்தையே வேறு பெயரில் செய்ததாகத்தான் ஆகும்.

கம்ப்ளெய்ன்ட் செயற்கூற்றின் உள்ளமைப்பில் சிறிய நுட்பம் ஒன்று இருக்கிறது. தெரியாமல் மாற்றினால் அடி விழும். எந்த வகைப் புகார் எத்தனை முறை வந்தது என்பதை அது ஃபார்மட் ஸ்ட்ரிங்கின் (மாறும் விவரங்களுக்கு இடம்விட்டு எழுதிய செய்தி வார்ப்பின்) முகவரியை வைத்துத்தான் எண்ணுகிறது. எழுத்துகளை ஒப்பிடுவதில்லை, சுட்டியை மட்டுமே பார்க்கிறது. வேகம் அதில் கிடைக்கிறது. இப்போது யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தோடு, கோப்பின் பெயரையும் செய்தியையும் முன்கூட்டியே ஒட்டி ஒரு சரமாக்கி, அதையே ஃபார்மட்டாகக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அந்தச் சரம் வேறு முகவரியில் பிறக்கலாம். அப்போது எண்ணிக்கை ஒன்றைத் தாண்டாது. வரம்பு இருந்தும் இல்லாததற்குச் சமம்.

அதைவிடப் பெரிய ஆபத்தும் அதிலேயே ஒளிந்திருக்கிறது. சி பிளஸ் பிளஸ்ஸில் மீதி காணும் ஆபரேட்டரை ஒரு வகுப்புக்காக எழுதியிருந்தால், அந்தச் செயற்கூற்றின் பெயரிலேயே சதவீதக் குறி இருக்கும். அந்தப் பெயரை உள்ளடக்கிய சரத்தை ஃபார்மட்டாகக் கொடுத்தால், அச்சிடும் செயற்கூறு சதவீதக் குறியைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, கொடுக்கப்படாத அளபுருவைத் தேடி ஸ்டாக்கில் துழாவும். பயனரின் நிரலில் உள்ள ஒரு பெயரால் டீபக்கர் விழுந்துவிடும். ஆகவே ஃபார்மட் எப்போதும் நிலையான சரமாகவும், மாறுபவை எல்லாம் அளபுருக்களாகவும் இருக்கட்டும். நீங்கள் எழுதும் புதிய செயற்கூறுகள் அனைத்திலும் பிரிண்ட்எஃப் வகையைக் குறிக்கும் அட்ரிபியூட்டைச் சேர்த்துவிடுங்கள். மாறி ஒன்று ஃபார்மட்டாக வந்தால், அதற்குரிய எச்சரிக்கையை இயக்கியிருக்கும் பட்சத்தில், கம்பைலரே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு வரலாற்றுக் குறிப்பும் உங்களுக்குப் பயன்படும். பழைய ஜிடிபியில் இந்தச் செயற்கூற்றுக்கு முதல் அளபுருவாகப் புகார்ப் பட்டியல் ஒன்றை அனுப்ப வேண்டியிருந்தது. பல வகைப் பட்டியல்கள் வரும் என்று எதிர்பார்த்து அமைத்த ஏற்பாடு அது. நடைமுறையில் எல்லோரும் சிம்பல் கோப்புக்கான அந்த ஒரே பட்டியலைத்தான் அனுப்பினார்கள். 2018இல் அந்த அளபுருவை முழுவதுமாக நீக்கிவிட்டார்கள். உங்கள் கிளை அதற்கு முந்தையது என்றால் அந்த மாற்றத்தை முதலில் எடுத்து வாருங்கள். மற்ற பேட்ச்களைப் பின்னாளில் மூல ஜிடிபியிலிருந்து எடுக்கும்போது வரும் மோதல்கள் பெருமளவு குறையும்.

ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் த்ரெட்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பழைய கிளையில் உங்களுக்கு இது இன்னும் வந்திராது. புதிய ஜிடிபியில் டுவார்ஃப் தகவலைப் பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் வருடிப் படிக்கின்றன. பணியாள் த்ரெட்டிலிருந்து திரையில் எழுதுவது முறையல்ல என்பதால், அந்த த்ரெட்டுக்கே உரிய இடைமறிப்பான் ஒன்று புகார்களைப் பிடித்துத் தொகுத்து வைக்கிறது. முதன்மை த்ரெட் பிறகு அவற்றை வெளியிடுகிறது. கண்டறிதலையும் சொல்வதையும் இன்றே நீங்கள் பிரித்துவிட்டால், நாளை த்ரெட்களைக் கொண்டுவரும்போது இந்தப் பகுதியில் ஒரு வரியும் மாற்ற வேண்டியிருக்காது என்றே நம்புகிறேன்.

செய்திகளின் சொற்கள் பற்றி எனக்குத் தனிப்பட்ட அக்கறை உண்டு. பல இடங்களில் செய்தியின் முற்பாதி ஓரிடத்திலும், இன்ன கோப்பில் என்ற பிற்பாதி வேறிடத்திலும் ஒட்டப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் அந்த ஒட்டு தெரியாது, கோப்பின் பெயர் வாக்கியத்தின் கடைசியில் வருவதால். தமிழில் ‘இந்தக் கோப்பில் இந்தப் பிரிவு இல்லை’ என்று கோப்பு முன்னால் வந்து, வினை கடைசியில் நிற்க வேண்டும். இரண்டு துண்டுகளையும் தனித்தனியே மொழிபெயர்ப்பவர் எவ்வளவு முயன்றாலும் அதை நேராக்க முடியாது. முழு வாக்கியத்தையும் ஒரே ஃபார்மட் ஸ்ட்ரிங்காக, செய்திகளை மொழிபெயர்க்க உதவும் கெட்டெக்ஸ்ட்டுக்குக் கொடுத்தால், அளபுருக்களுக்கு வரிசை எண் போட்டு இடம் மாற்றிக்கொள்ள முடியும். உங்கள் கருவி இன்று தமிழில் பேசாவிட்டாலும், கைவைக்கும்போதே இதையும் சரிசெய்துவிடுங்கள். இரண்டாம் முறை யாரும் இந்த நிரலைத் திறக்கப் போவதில்லை.

இனி வேலையின் வரிசை. முதல் பேட்ச் நடத்தையில் எதையும் மாற்றக் கூடாது: நேரடியாக அச்சிடும் எல்லா இடங்களையும் ஒரே செயற்கூற்றின் வழியாகப் போகச் செய்யுங்கள், அது முன்பு அச்சானதையே அச்சிடட்டும். அடுத்த பேட்ச்சில் தொகுப்பை அளபுருவாக ஒவ்வோர் அடுக்காகக் கீழே கொண்டு செல்லுங்கள்; அப்போதும் மேல்நிலை கடைசியில் எல்லாவற்றையும் அச்சிடட்டும். மூன்றாவதில்தான், வென்றால் அச்சிடாதே என்ற நிபந்தனை வரும். பயனர் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் அந்த ஒன்றிலேயே அடங்கிவிடுவதால், ஆறு மாதம் கழித்து, மாற்றம் எந்தப் பேட்ச்சில் நுழைந்தது என்று யாராவது பைசெக்ட் செய்து தேடினால் நேராக அங்கே வந்து நிற்பார்கள். கம்ப்ளெய்ன்ட் பிரிப்பைத் தனித் தொடராக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேட்ச்சில் ஒரே வகைச் செய்தி, அதை ஏன் தரம் இறக்கினீர்கள் என்பதற்கு இரண்டு வரி விளக்கம்.

இரண்டாவது பேட்ச்சிலேயே சில சோதனைகள் தோற்கும், பதற வேண்டாம். முன்பு ‘சிம்பல்களைப் படிக்கிறேன்’ என்ற வரிக்கு நடுவில் வந்த எச்சரிக்கை இப்போது தள்ளி வரும். எக்ஸ்பெக்ட் என்ற தானியங்கிச் சோதனைக் கருவி கொண்டு எழுதிய சோதனைகள் பழைய வரிசையைத்தான் எதிர்பார்க்கும். வரிசை மாற்றம் மட்டும்தானா என்று ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்த பிறகே சோதனையைத் திருத்துங்கள். உங்கள் ஐடிஇ (நிரல் எழுதும் மென்பொருள்) டீபக்கரோடு எம்ஐ என்ற இடைமுகம் வழியாகப் பேசுகிறது என்றால் அதையும் ஒரு முறை இயக்கிப் பாருங்கள்.

புதிய சோதனைகளுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. சிறிய நிரல் ஒன்றைப் பில்ட் ஐடி இல்லாமல் லிங்க் செய்து, டீபக் தகவலை ஆப்ஜ்காப்பி என்ற கருவியால் தனிக் கோப்பாகப் பிரித்து, நிரலிலிருந்து டீபக் தகவலை நீக்கி, டீபக்லிங்க்கைச் சேர்த்த பிறகு, அந்த டீபக் கோப்பின் கடைசியில் ஒரே ஒரு பைட்டை ஒட்டுங்கள். சிஆர்சி மாறிவிடும், தேட வேறு வழியும் இல்லை, எச்சரிக்கை சரியாக ஒரு முறை வர வேண்டும். அடுத்து, அதே நிரலைப் பில்ட் ஐடியோடு லிங்க் செய்து, டீபக் கோப்புகளுக்கான சோதனைக் கோப்புறை ஒன்றை அமைத்து, பில்ட் ஐடி சுட்டும் இடத்தில், டீபக் தகவல் நீக்கப்பட்ட அந்த நிரலையே சுட்டும் சிம்லிங்க்கையும் (குறியீட்டு இணைப்பு), டீபக்லிங்க் சுட்டும் இடத்தில் பைட் ஒட்டாத சரியான கோப்பையும் வையுங்கள். முதல் படி தோற்று இரண்டாம் படி வெல்லும். மூன்றாவது பேட்ச்சுக்கு முன் ஓர் எச்சரிக்கை வரும், பின் எதுவும் வராது, பிரேக்பாயின்ட்டில் வரி எண் இரண்டு முறையும் சரியாக இருக்கும். பிறகு அந்தச் சரியான கோப்பிலும் ஒரு பைட்டை ஒட்டிவிட்டு மறுபடி இயக்குங்கள். இப்போது இரண்டு எச்சரிக்கைகளும் தேடிய வரிசையிலேயே வர வேண்டும், கோப்புகளின் பெயர்கள் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையை நினைவகப் பிழைகளைக் காட்டும் அட்ரஸ் சானிடைசரோடு கட்டிய பிரதியிலும் ஒரு முறை ஓட்டுங்கள். நான் மேலே சொன்ன காலி வீட்டுச் சுட்டி எங்காவது தப்பி நின்றிருந்தால், அங்கே பிடிபட்டுவிடும்.